எர்த் குழிக்கு ஒரு வாளி தண்ணீர்

சார்ஜரைச் செருகியதும் மடிக்கணினியின் ஸ்பீக்கரிலிருந்து கல்லுப்பு வெடிக்கும் சத்தம் வந்தது. சூடான வாணலியில் ஒரு கைப்பிடி கல்லுப்பைப் போட்டால் படபடவென்று தெறிக்குமே, அதே சத்தம். ஆனால் மிகத் தள்ளி, மூடிய கதவுக்கு அப்பால் யாருடைய சமையலறையிலோ நடப்பது போல. வைதேகி சார்ஜரை உருவினாள். நின்றுவிட்டது. மறுபடி செருகினாள். மூன்று நொடி ஒன்றுமில்லை. அப்புறம் மெல்ல, ஒன்றிரண்டாக, வெடிக்கத் தொடங்கியது.

மயிலாப்பூரில் சித்திரைக் குளத்துக்குப் பின்னால், நீண்டு குறுகிய பழைய வீடு. மாடியில் குடியில்லை. ஒலிப்புத்தகங்களுக்குக் கதை வாசித்துப் பதிவு செய்து அனுப்புவது வைதேகியின் வேலை. ஆறு வருடமாக வாசல் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்து வாசித்தாள். மெட்ரோவுக்காகப் பெரிய சாலையில் பூமியைக் குடைய ஆரம்பித்தபின் அந்த அறையின் ஜன்னல் கம்பிகள்கூட முனகின. போன திங்கட்கிழமை மேஜையை இழுத்துக்கொண்டு பின்கட்டு அறைக்கு வந்துவிட்டாள். அது அக்கா ஹம்சினி இருந்த அறை. இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது.

"அந்த ரூம் வேண்டாமே, வைதேகி. ஒரே ஈரம். மைக்கெல்லாம் வீணாப் போயிடும்" என்றான் அவள் கணவன் கிரீஷ்.

"பூட்டின ரூம்ல ஈரம் எங்கேர்ந்து வரும்?"

ஆனால் ஈரம் இருந்தது. சுவரின் அடிப்பாகத்தில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. உள்ளே நுழைந்ததும் நனைந்த அடுப்புக்கரியின் வாசனை.

ஹம்சினியின் பெயர் அந்த வீட்டில் எடுக்கப்படுவதில்லை. எடுக்கக் கூடாது என்று தீர்மானித்தவள் வைதேகியேதான். கணவனைப் பிரிந்து வந்த அக்காவை ஒரு வருடம் தன்னோடு வைத்துக்கொண்டாள். அம்மாவின் கண் ஆபரேஷனுக்காகப் பத்து நாள் சீர்காழிக்குப் போய்த் திரும்பியபோது அறை காலி. ஒரே ஒரு மின்னஞ்சல். 'வைதேகி, நான் கனடா போகிறேன். என்னைத் தேட வேண்டாம். இது என் வாழ்க்கை.' அவ்வளவுதான். அம்மா அதே வருடம் இறந்தபோதும் அக்கா வரவில்லை. கொள்ளி வைத்த அன்று இரவு 'வைதேகி, வருந்துகிறேன்' என்று ஒரு வரி வந்தது. அந்த ஒற்றை வரியை வைதேகி மன்னிக்கவில்லை. கிரீஷ்தான் அவள் தோளைத் தட்டி, "சில பேர் அப்படித்தான். விட்டுத் தள்ளு" என்று சொல்லிச் சொல்லி அவளை மீட்டெடுத்தான்.

சத்தத்துக்கு வருவோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வைதேகி ஒரு பழைய கோடு போட்ட நோட்டை எடுத்தாள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் எழுதிப் பழகிய முறை: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுது, விளைவை எழுது.

ஆடியோ டிரைவரை அழித்து மறுபடி ஏற்றினாள். சத்தம் உண்டு. ஸ்பீக்கருக்குப் பதில் ஹெட்போன். உண்டு, இன்னும் கிட்டத்தில். கிரீஷின் அலுவலக மடிக்கணினிக்கும் அதே சார்ஜர்தான் என்பதால் ஒரு நாள் அவனுடையதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு செருகினாள். உண்டு. பேட்டரியில் மட்டும் ஓட்டினாள். இல்லை. வாசல் அறைக்குத் தூக்கிப்போய் அங்கே சார்ஜ் போட்டாள். இல்லை.

ஆக, கணினியில் கோளாறில்லை, சார்ஜரில் இல்லை. இந்த அறையின் பிளக் பாயிண்டில்தான் ஏதோ இருக்கிறது. இந்த வரியின் கீழ் அவள் இரண்டு கோடு போட்டாள்.

நான்காம் நாள் நோட்டைப் புரட்டியபோது, நேரம் எழுதியிருந்த ஓரத்தில் ஒன்றைக் கவனித்தாள். காலை ஒன்பதரை மணிக்கு, கிரீஷின் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியபின் சத்தம் ஆரம்பிக்கிறது. மாலை ஆறு ஆறரைக்கு ஸ்கூட்டர் வாசலில் நின்றதும் ஓய்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவன் நாள் முழுக்க வீட்டில் இருந்தான். காலையிலிருந்து சார்ஜர் செருகியே இருந்தது. ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்று கிரீஷ் ஹெட்போனைக் கழற்றி அவள் தலையில் மாட்டிவிட்டான். "நாள் பூரா பேய்க்கதையா வாசிச்சிண்டிருந்தா இப்படித்தான்."

"இந்த மாசம் சமையல் புஸ்தகம்."

"அப்போ அது கடுகு தாளிக்கிற சத்தம்."

இருவரும் சிரித்தார்கள். சிரிக்கும்போதே அவள் காதில் அந்த மௌனம் உறுத்தியது. சத்தமில்லாத கருவிக்கு லேசான இரைச்சலாவது இருக்கும். இது அப்படியில்லை. கதவிடுக்கில் ஒளிந்துகொண்டு, யாரோ தாண்டிப் போகட்டும் என்று மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் ஒருத்தியின் மௌனம்.

திங்கட்கிழமை, பதிவுகளைச் சரிபார்க்கும் ஆயத் என்ற பெண் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "வைதேகி மேம், ரசம் சேப்டர்ல ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் யாரோ கதவத் தட்டிக்கிட்டே இருக்காங்க. பாவம், போய்த் தொறந்துட்டு வந்து படிங்களேன்!" கடைசியில் ஒரு சிரிப்பு.

வைதேகி அந்தக் கோப்பைத் திறந்து, தன் குரலைக் குறைத்து, பின்னணியை உயர்த்தினாள். உப்பு வெடிக்கும் படபடப்பு. அதற்குள்ளே, அடியில், திரையில் ஓடும் கோட்டில் ஊசி ஊசியாக நின்ற முனைகள். இரண்டு முனை. இடைவெளி. ஒரு முனை. மறுபடி இரண்டு. இடைவெளி. ஒன்று.

அவள் கை மேஜையிலிருந்து தானாக விலகியது.

சமையலறைக்கும் இந்த அறைக்கும் நடுவே ஒரே சுவர். காபி கலந்ததும் வைதேகி கரண்டிக் காம்பால் அந்தச் சுவரைத் தட்டுவாள். டொக் டொக். கொஞ்சம் விட்டு, டொக். இந்தப் பக்கமிருந்து அக்கா, மணிக்கட்டில் எப்போதும் கிடக்கும் செப்புக் காப்பால் அதையே திருப்பித் தட்டுவாள். மூட்டுவலிக்கு நல்லதென்று யாரோ சொல்லி, குளிக்கும்போதுகூடக் கழற்றாத காப்பு.

தற்செயல் என்று நோட்டில் எழுதினாள். எழுதிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள்.

ராயப்பேட்டையிலிருந்து சின்னப்பையன் வந்தபோது மணி பன்னிரண்டு. பெயர்தான் அப்படி; ஐம்பது வயது, காதில் பென்சில். பிளக் பாயிண்டைக் கழற்றி டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பார்த்தார். பல்பு பளீரென்று எரிந்தது.

"எர்த்து சூப்பரா கீது மேடம். இந்த ஏரியாவுல இம்மாம் ஸ்ட்ராங்கா நான் பாத்ததே இல்ல. முன் ரூம்ல எர்த்தே கெடையாது, மூணாவது ஓட்ட சும்மா ஷோவுக்கு. இங்கதான் புச்சா ஒயர் இழுத்துக்கீறாங்க. யாரு போட்டது?"

"எங்காத்துக்காரர். ஃப்ரிஜ்ஜைத் தொட்டா எனக்கு ஷாக் அடிக்கறதுன்னு சொன்னேன். நான் ஊருக்குப் போயிருந்தப்போ தனியாவே குழி வெட்டிப் போட்டிருக்கார்."

எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொன்ன வாக்கியம். எனக்காக. தனியாக. அந்தப் பத்து நாளில்.

சின்னப்பையன் பச்சை ஒயரைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே கொல்லைப்பக்கம் போனார். சுவரோரமாக இறங்கி, ஜன்னல் சட்டத்தைத் துளைத்து, துணி துவைக்கும் மேடையின் தலைமாட்டில் இருந்த சிறிய இரும்பு மூடிக்குள் அது போய் மறைந்தது. மூடியை ஒட்டி ஒரு குழாய் வாய், அதன்மேல் பிளாஸ்டிக் புனல். எர்த் குழி என்றால் உப்பும் கரியும் கொட்டியிருக்கும். வெயில் காலத்தில் தண்ணீர் விடாவிட்டால் காய்ந்துவிடும். கிரீஷ் தினமும் குளிக்கும் முன் ஒரு வாளி ஊற்றுவான். ஆத்துத் துளசிக்கு ஒரு நாள் தண்ணி விட்டதில்லை, இதுக்கு மட்டும் நித்திய அபிஷேகம் என்று அவள் கேலி செய்திருக்கிறாள்.

"இந்த மேடையும் அவரே கட்னதா?"

"ஆமாம். எர்த்துக்குத் தோண்டினதோட சேர்த்துக் கட்டிட்டார், துணி துவைக்கச் சௌகரியமா இருக்கும்னு."

சின்னப்பையன் மேடையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை காலடியால் அளந்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "எர்த்து குழி ஒண்ணரை அடி அகலம் இருந்தா போதும் மேடம். இன்னாத்துக்கு ஆறடி?"

இரண்டு வருடமாக அவள் துணி துவைத்த மேடை அது. வெறுங்காலோடு மேலே ஏறி நின்று போர்வை மிதித்திருக்கிறாள்.

மூடியைத் திறக்கலாமா என்று கேட்க அவளிடம் நம்பர் வாங்கி அவரே கிரீஷுக்குப் போன் செய்தார். பேசிவிட்டு வந்தபோது குரல் தணிந்திருந்தது. "சார் தொறக்காதன்னாரு. நமக்கு இன்னாத்துக்கு வம்பு. இந்தாங்க, ரெண்டு பின் கன்வெர்ட்டர். சார்ஜர இதுல சொருவி அப்புறம் பாயிண்ட்ல சொருவுங்க. எர்த்து படாது. சத்தம் சுத்தமா போயிடும்." கூலி வாங்காமலே போய்விட்டார்.

சத்தம் சுத்தமாகப் போயிற்று.

அன்று மாலைக்குள் வைதேகி மூன்று அத்தியாயம் வாசித்து முடித்தாள். ஆயத் கைதட்டும் பொம்மை ஒன்றை அனுப்பினாள். நோட்டில் 'தீர்ந்தது' என்று எழுதலாம். பேனாவை எடுத்தாள். யாரோ தட்டுகிறார்கள், சத்தம் உள்ளே வராமல் கதவில் துணியைத் திணித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியது. அந்த வார்த்தையை எழுதவில்லை.

கிரீஷ் அன்றிரவு மிகவும் பிரியமாக இருந்தான். "சரியாயிடுத்தா? நான் சொன்னேனோல்லியோ" என்று அவள் தட்டில் தானே நெய் விட்டான்.

மறுநாள் காலை அவன் அவசரமாகக் கிளம்பினான். பதினோரு மணிக்குத் தெரு அடங்கியது. பன்னிரண்டரைக்கு வெயில் கொல்லைச் சுவரில் வெள்ளையாக நின்றது. காக்கைகூட இல்லை. எங்கோ பூமிக்கடியில் மெட்ரோ இயந்திரத்தின் உறுமல் மட்டும், கேட்கிறதா கால் உணர்கிறதா என்று தெரியாத அளவுக்கு. வைதேகி கன்வெர்ட்டரைக் கழற்றினாள். மூன்று கால்களும் உள்ளே போகும்படி சார்ஜரைச் செருகினாள்.

உடனே வந்தது. இந்த முறை படபடப்பே இல்லை. தட்டல் மட்டும். வேகமாக, ஒன்றின்மேல் ஒன்றாக, இத்தனை நேரம் எங்கே போனாய் என்பது போல.

அவள் பேனாவால் கணினியின் உலோக உடம்பைத் தட்டினாள். டொக் டொக். விட்டு, டொக்.

நின்றது.

நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. அவள் துடைக்கவில்லை.

டொக் டொக். விட்டு. டொக்.

கணினிமேல் கிடந்த அவள் மணிக்கட்டில் சுருக்கென்று ஊசி இறங்கியது போல ஷாக். எர்த் நன்றாக இருக்கும் கணினியில் ஷாக் அடிக்காது. அது அவளுக்குத் தெரியும்.

அவள் செய்த அடுத்த காரியம், அவளைப் போன்ற ஒருத்தி மட்டும் செய்யக்கூடியது. எழுந்து ஓடவில்லை. பழைய மின்னஞ்சல்களை வரிசையாகத் திறந்து படித்தாள். ஹம்சினி கடிதம் எழுதினால் மேலே வலது ஓரத்தில் ஊர், தேதி இருக்கும். 'அன்புள்ள வைது' என்றுதான் தொடங்குவாள். பிறந்ததிலிருந்து அவளை வைதேகி என்று கூப்பிட்டதே இல்லை. அவள் போனபின் வந்த இந்த ஐந்து மின்னஞ்சல்களிலும் ஊரில்லை. தேதியில்லை. ஐந்திலும் 'வைதேகி'. கோபத்தில் அப்படி எழுதுகிறாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

இரண்டு வருடத்தில் முதல்முறையாகப் பதில் எழுதினாள். 'அக்கா, காபிக்கு உன்னை நான் எப்படிக் கூப்பிடுவேன்? இதை மட்டும் சொல்.' அனுப்பிய நேரம் ஒன்று பத்து. நோட்டில் எழுதினாள்.

ஒன்று பதினான்குக்குப் பதில் வந்தது. 'வைதேகி, பழைய கதை எதற்கு? உன் கணவர் நல்லவர். அவரோடு சந்தோஷமாக இரு.'

கனடாவில் அப்போது விடிகாலை மூன்றே முக்கால்.

கைபேசி அலறியது. கிரீஷ். பகலில் அவன் கூப்பிடுவதே இல்லை.

"சாப்பிட்டியா?"

"ம்."

"என்ன பண்ணிண்டிருக்கே?"

"வாசிச்சிண்டிருக்கேன்."

தி. நகர் அலுவலகத்தின் இரைச்சல் பின்னால் இல்லை. காற்று. ஹாரன். அவன் சாலையில் இருந்தான். "தலைவலிக்கறது வைதேகி. இன்னிக்குச் சீக்கிரம் வரேன். நீ எங்கேயும் போயிடாதே."

போன் வைக்கப்பட்டது. வாசற்கதவு வழியே தெருவுக்கு ஓடியிருக்கலாம். ஆனால் ஸ்பீக்கர் தட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் பிணத்தருகே உட்கார்ந்து அக்காவை அவள் சபித்த சாபம் ஒவ்வொன்றும் அந்தத் தட்டலுக்கு நடுவே கேட்டது. வரமாட்டாளா, மனுஷிதானா, நன்னாவே இருக்கமாட்டா. இரண்டு வருடம். வெறுங்காலோடு.

ஜன்னலைத் திறந்து வைத்தாள், சத்தம் கொல்லைக்கும் கேட்கும்படி. சமையலறையிலிருந்து இரும்புத் தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டாள்.

மேடை கொதித்தது. முழங்கால் சுட்டது. மூடியின் விளிம்பில் துரு. திருப்பியை நுழைத்து நெம்பினாள். நகரவில்லை. உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்தாள். ஜன்னலில் தட்டல், டொக் டொக், டொக், டொக் டொக், டொக். மூடி ஒரு கத்தலோடு எழும்பியது.

நனைந்த கரியின் வாசனை. அறையில் இருந்த அதே வாசனை. அதற்கு அடியில் வேறொன்று. உப்புக்கண்டத்தின் வாசனை.

மேலாக உப்பு, கெட்டியாக, பாறை போல. நடுவில் ஓர் இரும்புக் குழாய். எர்த் ஒயரை அதில்தான் முடுக்கியிருக்க வேண்டும். முடுக்கவில்லை. பச்சை ஒயர் குழாயைத் தாண்டி உப்புக்குள் இறங்கியது.

சுரண்டினாள். கரி. உப்பு. கரி. விரல் நகம் பிய்ந்தது. உப்பு எரிந்தது. சுரண்டினாள்.

செம்பு.

ஒரு வளைவு. பச்சைக் களிம்பேறிய செப்புக் காப்பு. அதைச் சுற்றி, இடைவெளி பிசகாமல், ஏழு சுற்று, பச்சை ஒயரிலிருந்து உரித்த செம்புக் கம்பி. நுனியை மடக்கிக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. கிரீஷ் எந்த வேலையையும் சுத்தமாகச் செய்வான்.

காப்புக்குள்ளே, கருவாடு போலக் காய்ந்து இறுகிய மணிக்கட்டு.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

ஜன்னலில் தட்டல் நின்றது.

கேட். தாழ்ப்பாள். கூடம். சமையலறை. காலடி எதையும் தேடவில்லை. எங்கே வர வேண்டுமோ அங்கே வந்தது. கிணற்றடிக் குழாய் திறந்தது. வாளியில் தண்ணீர் விழும் சத்தம், நிதானமாக, நிறையும் வரை.

வைதேகி திரும்பவில்லை. குழியைத் தவிர எதையும் பார்க்க முடியவில்லை.

"வைதேகி" என்றான். நேற்றிரவு நெய் விடும்போது இருந்த அதே குரல். "இன்னிக்கு அவசரத்துல தண்ணி விட மறந்துட்டேன்."

உப்புக்குள்ளிருந்து ஒரு விரல் எழுந்தது. ஆள்காட்டி விரல். உப்புத் துகள்கள் அதிலிருந்து உதிர்ந்தன. அவன் இருக்கும்போது இதுவரை அது அசைந்ததில்லை.

இரும்புக் குழாயில் அது மெல்லத் தட்டியது.

டொக் டொக்.

வைதேகி மூன்றாவதற்காகக் காத்திருந்தாள். விரல் அப்படியே நின்றது, பாதி மடங்கி, அவளுக்குப் பின்னால் பார்ப்பது போல.

அவள் பிடரிக்கு மிக அருகில், வாளியின் விளிம்பில், மோதிர விரலால் அவன் தட்டினான்.

டொக்.